எங்கே குடியிருக்கிறாய்?

வெளியூர் உறவினர் இப்படிக் கேட்டால், நம்மில் பலர் "பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்" என்று மழுப்பிவிடுகிறோம். இராயபுரம் என்று சொல்ல நா கூசுகிறது. மீன் வாடை, லாரிச் சத்தம், சந்து வீடு என்று அவர்கள் முகம் சுளிப்பார்களே என்ற அச்சம்! இந்த வெட்கம் தேவைதானா? சற்றே சிந்திப்போம்.

இராயப்பர் என்பது புனித பேதுருவின் தமிழ்ப் பெயர். துறைமுகம் கட்டப்படாத அந்நாளில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் கரை சேர்த்தவர்கள் இங்குள்ள படகுக்காரர்கள். அவர்கள் 1829-ல் எழுப்பிய கோயில் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் நம் இராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜாவுக்குப் புறப்பட்டது. 1949-ல் நம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த கூட்டம் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. இத்தகைய ஊரில் வாழ்வது இழிவா?

வசதிக்கும் குறைவில்லை. நள்ளிரவில் நோய் வந்தால் ஸ்டான்லி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. பொழுது விடியுமுன் காசிமேட்டில் மீன் வந்துவிடும். வீடுகள் நெருங்கியிருப்பதால், ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் பத்து வீட்டார் ஓடி வருவார்கள். தனித்தனி மதில் கட்டிய புறநகரில் இது கிடைக்குமா?

ஆனால், பழம்பெருமை மட்டும் போதாது. நிலக்கரித் தூசி பல ஆண்டுகள் நம் பகுதி வீடுகளில் படிந்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்பால், 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கையாள்வது நின்றது. நமக்கு மூச்சு வந்தது. அந்த நிலக்கரி எங்கே போயிற்று? எண்ணூருக்கு! அங்கிருந்தும் நம் தோழியர் இப்பள்ளிக்கு வருகிறார்கள் அல்லவா? ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் சாம்பலைச் சுமக்கும் அவர்கள் தலையில் நம் சுமையும் ஏறியதை எண்ணாமல், நம் தெரு சுத்தமானது என்று மகிழ்வது நியாயமாகாது.

பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் கண்டெய்னர் லாரிகள் ஓடக் கூடாது. எண்ணூர் வரை சாலையோரம் நடைபாதை வேண்டும். தூசியைத் தொடர்ந்து அளந்து மக்களுக்கு அறிவிக்க வேண்டும். இவற்றைப் பெற்றோரும் அருட்சகோதரிகளும் நம்மோடு சேர்ந்து கேட்க வேண்டும். வெட்கப்பட்டு முகவரியை மறைப்பவர்கள் ஊருக்காக வாய் திறப்பதில்லை.

ஆகவே தோழியரே, அடுத்த முறை யாரேனும் கேட்டால் தலைநிமிர்ந்து சொல்வோம்: "நாங்கள் வடசென்னைப் பெண்கள்!"