விரல் பிடிக்கும் கடமை

விஜயதசமியன்று திருவாரூர் மாவட்டம் கூத்தனூர் சரஸ்வதி ஆலயத்தில், மழலையரின் விரல் பிடித்து நெல்லில் முதல் எழுத்தை எழுதுவிக்கின்றனர். பள்ளி வாயிலிலோ அத்துணை விலகிவிடுகிறது. அகரத்தினும் கடினமான பாடங்கள் அங்கே காத்திருக்கின்றன: அன்னையைப் பிரிந்திருத்தல், தன் முறை வரும்வரை பொறுத்தல், ஆட்டத்தில் தோற்றபின்னும் தோழனோடு சேர்ந்திருத்தல். மாலையில் திரும்பும் பேரக் குழந்தையிடம் மதிப்பெண்ணையே முதலில் வினவும் இல்லத்தில் இவை பேசப்படுவதில்லை. 'இன்று யாருடன் விளையாடினாய்?' என்று பாட்டி கேட்டால் குழந்தை மனம் திறக்கும். 'அழாதே' என்று அடக்காமல், 'பயமாக இருந்ததா?' என்று தாத்தா அருகமர்ந்து கேட்டால், தன் வருத்தத்தைச் சொல்லால் உரைக்கப் பழகும். பள்ளி செல்ல அஞ்சும் அழுகை நாள்தோறும் நீடித்தால், பெற்றோர் ஆசிரியரைச் சந்தித்தல் வேண்டும். நெல்லில் பிடித்த விரலைச் சில ஆண்டுகள் விடாதிருத்தல் மூத்தோர் கடமையாகும்.