கல்யாணப் பெண்ணின் கைக்கும் ஓய்வு வேண்டும்!

இதை எழுதும்போது ராத்திரி மணி ஒன்பதரை. விடிந்தால் என் அண்ணன் மகளுக்குத் திருச்செந்தூரில் கல்யாணம். வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பெண் எங்கே என்று கேட்கிறீர்களா? உள்ளே தூங்குகிறாள். அவளைத் தூங்க வைக்க நான் பட்ட பாட்டைத்தான் இந்த முறை உங்களிடம் சொல்லப் போகிறேன்.

வெளியூர்ச் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சாகுபுரம் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவில், தாரங்கதாரா ரசாயன ஆலையை ஒட்டி எழுந்த குடியிருப்பு. சுற்றிலும் உப்பளம், கொஞ்சம் தள்ளிக் கடல். என் அண்ணன் இங்கேதான் வேலை பார்க்கிறார். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார்.

கல்யாணம் நிச்சயமானதும் அண்ணன் செய்த முதல் காரியம், வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க மனு எழுதியதுதான். மண்டபம், மேடை அலங்காரம், ரவிக்கைக்கு ஆரி வேலை, வருகிற எல்லோருக்கும் பை என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. மகள் மனுவைக் கையில் வாங்கிப் படித்தாள். "அப்பா, நீங்க ரிட்டயர் ஆன பெறவு அம்மாவுக்கு மருந்து வாங்கக்கூட என் கையை எதிர்பாக்கணுமா? இந்தப் பணம் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். கோயில்ல தாலி கட்டுவோம், நம்ம காலனியில சாப்பாடு போடுவோம். மத்ததெல்லாம் நான் கையால செஞ்சுக்கிடுதேன்" என்றாள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதினிக்குத்தான் மனசு ஆறவில்லை. "தாம்பூலப் பையில ஓலைப்பெட்டியும் கருப்பட்டியுமா குடுக்கப் போறா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?" என்று என்னிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிரிக்கிற நாலு பேரு கடனைக் கட்டித் தர மாட்டாங்க மதினி" என்று சமாதானம் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா வந்தபோது விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அந்த அம்மாள், "எங்களுக்கு மருமகதானே வேணும், மண்டபத்தை வச்சு என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டார். அதோடு பாதி பாரம் இறங்கிற்று.

பெண்ணின் யோசனை நல்ல யோசனைதான். நம் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்னதான் இல்லை? ஓலை முடைவதற்குப் பேர் போன மணப்பாடு இருக்கிறது. கருப்பட்டிக்கு உடன்குடி. வெற்றிலைக்குப் பக்கத்திலேயே ஆத்தூர். அந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆக, தாம்பூலம் என்பது இதுதான்: பனையோலைக் கொட்டான், அதற்குள் சுக்கு மணக்கும் சில்லுக் கருப்பட்டி, ஆத்தூர் வெற்றிலை, பாக்கு, மஞ்சள். முகூர்த்தத்துக்கு மதினியின் பழைய கூறைப்புடவை. ரவிக்கைக்கு மட்டும் புதுத் துணி; ஆரி வேலை தானே போட்டுக்கொள்வாள். கைபேசியில் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது! சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஊசியால் ஒவ்வொரு முத்தாகக் கோத்தாள். "முத்துக்குளித்துறைப் பொண்ணுக்குப் பிளாஸ்டிக் முத்தா ஏட்டி?" என்று கேலி செய்தேன். என்ன செய்வது, தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்றே! 

ஆனால் கேளுங்கள். முந்நூறு கொட்டான் முடைய வேண்டும். ரவிக்கை முடிய வேண்டும். பத்திரிகைக்கு உறை ஒட்ட வேண்டும். பகலில் வேலைக்குப் போய் வருகிற பெண், ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து இத்தனையும் செய்தாள். "சாப்பிட வாட்டி" என்றால் "இந்த ஒண்ணு முடியட்டும் அத்தை" என்பாள். ராத்திரிச் சோறு போய் டீயும் பிஸ்கட்டும் ஆயிற்று. நாங்களும், "எவ்வளவு சமர்த்து பாரு" என்று மெச்சிக்கொண்டோமே தவிர, முகம் வெளுத்ததைக் கவனிக்கவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலை, கொட்டான்களை வெயிலில் பரப்பிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். "இது பத்து நாள்ல வந்ததில்ல. முன்னாலேயே குறைவா இருந்திருக்கும். நீங்க சோத்தையும் தூக்கத்தையும் வேற பிடுங்கிட்டீங்க" என்றார். பிடுங்கியது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே நீங்கள் பெண்ணுக்கு ரத்தம் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் ரத்தம் ஊற வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட ஆகும். கடைசி வாரத்தில் விழுங்கி ஈடுகட்ட முடியாது. டாக்டர் சொன்ன மாத்திரையை டீயோடோ பாலோடோ போட வேண்டாம், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சம்பழச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால்தான். முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் இருக்கட்டும்; சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கிற பழக்கம் மட்டும் போகட்டும். சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிற பெண்ணாக இருந்தால், கரு உண்டாவதற்கு முன்னாலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று சாயந்திரம் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. 1942 மார்ச் 26-ல் அலகாபாத் ஆனந்த பவனத்தில் இந்திராவுக்கும் பெரோஸ் காந்திக்கும் கல்யாணம் நடந்தது. நேரு வீட்டுக் கல்யாணம். பட்டுக்கும் ஜரிகைக்கும் குறைச்சலா? ஆனால் பெண் கட்டிக்கொண்டது இளஞ்சிவப்புக் கதர்ப் புடவை. நேரு சிறையில் இருந்தபோது தன் கையால் நூற்ற நூலில் நெய்தது. எளிய கல்யாணத்துக்கு உதாரணமாக இதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அன்று பட்டது வேறு. அந்த நூலைக் கல்யாணப் பெண் கண் விழித்து உட்கார்ந்து நூற்கவில்லை. அப்பா நூற்றார்!

கையால் செய்தால் காசு மிச்சம் என்கிறோம். அந்தக் கை யாருடையது என்று கேட்க மறந்துபோகிறோம். கடைக்குக் கொடுக்க வேண்டிய கூலியைப் பெண்ணின் தூக்கத்திலிருந்தும் அம்மாவின் இடுப்பெலும்பிலிருந்தும் எடுத்தால், அது சிக்கனம் ஆகுமா? செலவுதான், கணக்கில் எழுதாத செலவு.

உடனே ஒரு தாளை எடுத்தேன். மிச்சமிருந்த வேலையை எல்லாம் நாலு பத்தியாக எழுதினேன்: கையால் செய்வது, கடையில் வாங்குவது, இரவல் கேட்பது, விட்டுவிடுவது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு ஆளைக் குறித்தேன். ஒரே நிபந்தனை, கல்யாணப் பெண் பெயர் ரவிக்கைக்கு எதிரே தவிர வேறெங்கும் வரக்கூடாது.

"எனக்கு என்ன தெரியும்?" என்று நழுவப் பார்த்தார் அண்ணன். ஓலை கீறுகிற வேலையை அவர் தலையில் கட்டினேன். ஆலையில் அளவு பார்த்துப் பழகிய கை அல்லவா? இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு நூல் பிசகாமல் கீறித் தள்ளினார். ஓலை ஒரே அகலமாக வந்ததும் முடைகிற வேலை பாதியாகக் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஆளுக்குப் பத்து முடைந்து கொடுத்தார்கள். அப்படியும் நூறு குறைந்தது. அதை மணப்பாட்டிலிருந்து விலைக்கு வாங்கினோம். ஓலை முடைந்து பிழைக்கிற இன்னொரு பெண்ணுக்கு அந்தக் காசு போனதில் என்ன நஷ்டம்? மேடை அலங்காரம் 'விட்டுவிடுவது' பத்திக்குப் போயிற்று. குத்துவிளக்கும் தாம்பாளமும் பெரிய பாத்திரமும் இரவல். ரவிக்கையில் முதுகுப்பக்க வேலையை அப்படியே நிறுத்தச் சொன்னேன். பின்னல் மறைக்கிற இடத்துக்கு முத்து எதற்கு?

மருதாணியில் மட்டும் கைவேலைதான் என்று பிடிவாதமாக நின்றேன். பத்தே நிமிஷத்தில் கறுப்பாகச் சிவக்கும் என்று யாரோ ஒரு கூம்பு வாங்கி வந்திருந்தார்கள். தூக்கிப் போடச் சொன்னேன். மருதாணி இலை கறுப்பாகப் பற்றாது, பத்து நிமிஷத்திலும் பற்றாது. கறுப்பு மெஹந்தி என்று விற்பவற்றில் முடிச்சாயத்தில் சேர்க்கிற பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கக்கூடும். சிலருக்குக் கை கொப்பளித்துத் தழும்பே விழுந்துவிடும். காயல்பட்டினத்திலிருந்து பெண்ணின் சிநேகிதியும் அவள் உம்மாவும் ஒரு சட்டி மருதாணி அரைத்துக்கொண்டு முந்தாநாள் வந்தார்கள். முதல் நாள் ஆரஞ்சாகத்தான் இருந்தது. இன்றைக்குப் பாருங்கள், பவளமாகச் சிவந்திருக்கிறது. இரண்டு நாள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் கல்யாணம் வைத்திருந்தால் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்:

மூன்று மாதம் முன்பு: பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை. பழைய பட்டுப்புடவையைப் பிரித்து நிழலில் ஆற்றி, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே இற்றுப்போகும். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக்கூடாது.

ஒரு மாதம் முன்பு: ஓலை வேலை. குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாது. முடைந்ததை நன்றாக வெயிலில் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பத்து நாள் முன்பு: பெண் எல்லா வேலையையும் நிறுத்தியாக வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்.

இரண்டு நாள் முன்பு: மருதாணி.

முந்தின நாள்: கருப்பட்டியைக் கொட்டானில் போடுவது அன்றைக்குத்தான். கடற்காற்றுக்கு இளகிவிடும். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றுங்கள். பூவை மொட்டாகக் கட்டுங்கள். தென்னங்குருத்துத் தோரணத்தை ஈரச்சாக்கில் மூடி வையுங்கள்.

முடிந்த பிறகு: தமிழ்நாட்டில் 2009-ம் வருஷச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணத்தையும் 90 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் இன்னும் 60 நாள் தாமதக் கட்டணத்தோடு அவகாசம் உண்டு. கோயில் ரசீது, பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு இன்றைக்கே பெண்ணின் பெட்டியில் வைத்துவிட்டேன். பெண்ணுக்கு வந்த பரிசுகளை எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு அந்தப் பட்டியலைப் பெண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1985-ம் வருஷ விதி இருக்கிறது. சம்பந்தி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுதி வையுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சற்று முன்பு கொட்டான்களைக் கடைசியாக எண்ணிப் பார்த்தோம். முந்நூற்று நாலு. மதினி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணப்பாட்டுக் கொட்டான் எது, நாங்கள் முடைந்தது எது என்று பார்த்தாலே தெரியும். எங்களுடையதில் ஒரு பக்கம் லேசாகக் கோணல். "இது அவ அப்பா கீறின ஓலை" என்றார். சொல்லிவிட்டு அதை மட்டும் தனியாக எடுத்து, சாமி அலமாரியில் குங்குமச்சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நாலு பேர் சிரிப்பார்களே என்ற பேச்சு இப்போது அவரிடம் இல்லை.

அண்ணன் சட்டைப்பையில் மடித்து வைத்த அந்த மனு? துவைக்கப் போட்ட சட்டையோடு நனைந்து கூழாகிப் போயிற்றாம். அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

சரி, வாசலிலிருந்து கூப்பிடுகிறார்கள், பூ கட்ட என் கையும் வேண்டுமாம். மறுவீட்டு விருந்துக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சொதி வைக்கப் போகிறோம். தேங்காய்ப்பால் திரியாமல் அதை எப்படி இறக்குவது என்பதை அடுத்த இதழில் சொல்லுகிறேன். அதுவரை, உங்கள் வீட்டில் யாராவது ராத்திரியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தால் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நில்லுங்கள்.