எத்தனை பெட்டி?

வாசுதேவநல்லூரில் ஒரு கோயில் கொடையில் கிதார் வாசிக்க என் முன்னாள் மாணவன் ஒருவனுக்கு அழைப்பு வந்தது. ஒற்றைக் கிதார், உடன் ஒரு தபேலா, ஒன்றரை மணி நேரக் கச்சேரி. எதிரே அமரக்கூடியவர்கள் மிஞ்சிப்போனால் இருநூறு பேர். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் பொருத்திய பெட்டிகள் இரண்டும், தன் வாசிப்பைத் தான் கேட்டுக்கொள்ள ஒரு சிறு மானிட்டரும் போதும் என்றான். விழாக் குழுவினர் சிரித்தார்கள். "பக்கத்துத் தெருக்காரங்க போன வருசம் பதினாறு பெட்டி வச்சாங்க தம்பி. நாம ரெண்டு வச்சா ஊரு என்ன பேசும்?" பதினெட்டுப் பெட்டிகள் வந்திறங்கின. அன்றிரவு தெருவின் தகரக் கூரைகள் அனைத்தும் அதிர்ந்தன. கிதார் மட்டும் யார் காதிலும் விழவில்லை.

கேட்பவனுக்காகவே ஒலிபெருக்கி என்ற எளிய உண்மையை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. இப்போது அது பக்கத்துத் தெருவுக்காக வைக்கப்படுகிறது.

இதைச் சொன்னவுடன் இலக்கிய நண்பர்கள் சிலர் என் பக்கம் வந்து நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மைக்கே வேண்டாம், செங்கோட்டை கிட்டப்பா இல்லாத காலமா என்று தொடங்குவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1933இல் இளம் வயதில் மறைந்த கிட்டப்பாவின் குரல் நாடகக் கொட்டகையை நிறைத்தது உண்மை. ஆனால் மைக் இல்லாத மேடை, உரத்த குரல் வாய்த்தவர்களுக்கு மட்டுமே இடம் தந்த மேடை. மெல்லிய குரலுக்கும் கிதார் போன்ற மெல்லிய கருவிக்கும் பொதுவெளியில் இடம் கிடைத்தது ஒலிபெருக்கியால்தான். வில்லிசையைத் தமிழகமெங்கும் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகமும் மைக்கின் முன் அமர்ந்தே கதை சொன்னார். கருவியின் மேல் எனக்குப் பகையில்லை. அளவறியாமையோடுதான் பகை.

அளவு என்பது ரசனை சார்ந்த விஷயம் என்று தப்பிக்கவும் முடியாது; அதற்குக் கணக்கு உண்டு. ஒரு பெட்டியின் அருகில் இன்னொன்றை வைத்தால் ஒலி இரு மடங்காகக் கேட்பதில்லை. பொதுவாக மூன்று டெசிபல் கூடும். மிகச் சாதகமான இடங்களில் ஆறு. காதுக்கு இரு மடங்கு என்று தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபல் கூட வேண்டும், அதாவது ஆற்றலில் பத்து மடங்கு. பதினாறைப் பதினெட்டாக்கியதில் கூடியது அரை டெசிபல். எந்தக் காதும் அந்த வித்தியாசத்தை உணராது. வாடகைச் சீட்டு மட்டுமே உணரும்.

தீமை அதோடு நிற்பதில்லை. ஒரே ஒலி பல பெட்டிகளிலிருந்து வெவ்வேறு தொலைவைக் கடந்து ஒரு காதை அடையும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, சில வீங்குகின்றன. மேடையருகே பெட்டிகள் பெருகப் பெருக, கிதாரின் மரக்கூடு அந்த ஒலியை மீண்டும் வாங்கி ஊளையிடத் தொடங்குகிறது. ஊளையை அடக்க மிக்ஸரில் கைவைத்தால் முதலில் சாவது கிதாரின் நாதம். என் மாணவனுக்கு அன்று நேர்ந்தது இதுதான்.

அவன் கேட்ட எண்ணிக்கையில் தற்செயலாக அமைந்தது எதுவுமில்லை. கூட்டத்தின் இடப்புறத்துக்கு ஒன்று, வலப்புறத்துக்கு ஒன்று, இரண்டும் தலைக்கு மேல் உயரத்தில், தனக்கு ஒன்று. ஆக மூன்று. ஐம்பது பேர் கூடும் சிறு கூடமென்றால் இதிலும் ஒன்றைக் குறைக்கலாம். கூட்டம் தெருக்கோடிவரை நீண்டால் மேடையில் பெட்டியை அடுக்குவது அறிவீனம். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஆறு டெசிபல் குறைகிறது. கடைசி வரிசைக்காக மேடையில் முடுக்கினால் முதல் வரிசையிலிருக்கும் குழந்தையின் செவி கிழியும். நடுவில் இன்னும் இரண்டை நிறுத்தி, மேடை ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஏற்பச் சற்றுத் தாமதப்படுத்தி ஒலிக்கவிட வேண்டும். முப்பத்து நான்கு மீட்டருக்குப் பத்தில் ஒரு நொடி. அவ்வளவுதான் வித்தை.

செவி கிழியும் என்றது அலங்காரச் சொல் அன்று. எண்பத்தைந்து டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றும், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்திருக்கிறது. நூறு டெசிபலுக்குக் கிடைப்பது பதினைந்தே நிமிடம். நம் கச்சேரியோ ஒன்றரை மணி நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் ஓசை எழுபத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன. அந்த விதி எங்கள் ஊர் எல்லையை இன்னும் தாண்டி வரவில்லை.

அரங்கின் அளவைக் கோல் கணக்கில் நிர்ணயித்துச் சொன்ன மரபு நம்முடையது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்கிறது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. அதைப் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பும் நான், ஒரு கொடை மேடையில் 'எவ்வளவு தேவை' என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் காண நாணுகிறேன்.

கடைசியாக ஒன்று. அன்றைய பெட்டி வாடகை, என் மாணவனுக்குத் தந்த சன்மானத்தைப் போல் பல மடங்கு. கலைஞனைவிடப் பெட்டிக்கு மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் ஊர் சொல்ல முடியாது.

அடுத்த கொடைக்கும் அவனையே அழைத்திருக்கிறார்கள். இருபது பெட்டிகளாம், பெருமையோடு சொன்னார்களாம். போகட்டுமா சார் என்று கேட்டான். போ, ஆனால் மூன்றுக்கு மேல் ஒன்று இருந்தாலும் கிதாரை உறையிலிருந்து எடுக்காதே, அதை இப்போதே சொல்லிவிடு என்றேன். அழைப்பை அவர்கள் திரும்பப் பெறக்கூடும். பெறட்டும். கேட்கப்படாமல் வாசிப்பதைவிட வாசிக்காமல் இருப்பது அந்தக் கருவிக்குச் செய்யும் மரியாதை.