வெடிக்கு நேரம் குறிப்பது யார்?

2018 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்திடம் போய் ஒரு விளக்கம் சொன்னது. வடக்கே தீபாவளி இரவுப் பண்டிகை. எங்களுக்கோ அது விடியற்காலைப் பண்டிகை. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்தியதும் பொழுது புலருமுன் முதல் வெடி போட்டாக வேண்டும். ஆகவே அந்த மாதம் 23ஆம் தேதித் தீர்ப்பில் குறித்த இரவு 8 முதல் 10 மணியோடு, அதிகாலை 4.30 முதல் 6.30 வரையும் அனுமதி வேண்டும் என்று கேட்டது. நீதிமன்றம் பாதி இறங்கி வந்தது. நேரத்தை நீங்களே பிரித்துக்கொள்ளலாம், மொத்தம் 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு முடிவு செய்தது. அன்று தொடங்கி ஆண்டுதோறும் இதே அறிவிப்பு வருகிறது.

காலை 6 மணி எங்கிருந்து வந்தது? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிச் சத்தமே கூடாது என்று 2005இல் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்ட யாருக்கும் துணிவில்லை. விளைவு, நாலரை மணிக்குத் தலைமுழுகிய பிள்ளை ஈரத்தலையோடு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றொரு விதி. எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை காத்திருந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்தத் தீபாவளியன்று மாநிலம் முழுக்க வழக்குகள் குவிந்தன. அதன்பின் விதி காகிதத்திலும் வெடி தெருவிலுமாக இரண்டும் தத்தம் வழியில் நடக்கின்றன.

இந்த முரண்பாட்டுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. வாணவேடிக்கை நம் நாட்டில் வெகுகாலம் வீட்டுச் சமாச்சாரமாக இருந்ததில்லை. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் மகாநவமி விழாவில் கண்டு வியந்தது அரசன் நடத்திய வேடிக்கை. கோயில் திருவிழாவின் அதிர்வேட்டும் அப்படித்தான்: கொளுத்துபவர் தொழில் தெரிந்தவர், பார்ப்பவர் ஊரார். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆங்கிலேயர் 1884இல் வெடிபொருள் சட்டம் கொண்டுவந்தபோது அவர்கள் கண் தயாரிப்பின் மீதும் கிடங்கின் மீதும் போக்குவரத்தின் மீதும்தான் இருந்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் போட்ட அடித்தளத்தில், அடுத்த 20 ஆண்டுகளுக்குள் பட்டாசுத் தொழில் எழுந்தது. சீன வெடியும் ஐரோப்பிய மத்தாப்பும் எட்டாதிருந்த வீடுகளுக்குக்கூட குருவி வெடியும் புஸ்வாணமும் வந்து சேர்ந்தன. சட்டமோ பழைய இடத்திலேயே நின்றது. உற்பத்திக் கூடத்துக்கு உரிமம், கடைக்கு உரிமம், கடைக்கும் கடைக்கும் இடைவெளி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்று விற்கும் பக்கத்தில் கட்டுப்பாடு அடுக்கடுக்காகச் சேர்ந்தது. (அத்தனை இருந்தும் 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஏறத்தாழ 40 பேர் கருகிப்போனார்கள். அது தனியாகப் பேச வேண்டிய வழக்கு.) ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் திரியைக் கிள்ளிய அந்த நிமிஷத்திலிருந்து, 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 286ஆம் பிரிவு தவிர அவரைக் கேட்க ஏறக்குறைய எதுவும் இருக்கவில்லை. யாருக்காவது ஆபத்து நேரும்படி கவனமின்றி நடந்தால்தான் அதுவும் பாய்ந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவை நகராட்சிகளோ ஊராட்சிகளோ அல்ல. 1999இல் மத்திய அரசு, 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் கேட்கும் வெடியைத் தடை செய்தது. 2015இல் டெல்லிக் குழந்தைகள் மூவரின் பெயரில், மூச்சுவிடும் உரிமை கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் நாடு முழுமைக்குமான தீர்ப்பானது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே, இவ்வளவு நேரம் மட்டுமே. மீறினால் அந்தப் பகுதிக் காவல் நிலைய அதிகாரியே நீதிமன்ற அவமதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். டெல்லியின் பனிமூட்டத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டைத் தேனியும் தூத்துக்குடியும் சாப்பிட வேண்டியதாயிற்று. காற்றைப் பற்றிய கவலை நியாயம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்தாயிரம் வாலா விற்றவரையும் வாங்கியவரையும் விட்டுவிட்டு, பண்டிகை நாளில் தெருவுக்குத் தெரு ஓட வேண்டிய ஆய்வாளரின் தலையில் சுமையை இறக்கியது நல்ல ஏற்பாடு இல்லை.

உள்ளூர் மன்றத்திலிருந்தே இதற்கு விடை வந்த ஒரு காலமும் நாடும் உண்டு. அமெரிக்காவில் ஜூலை 4, சுதந்திர தினம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கொலைக்களமாக இருந்தது. சீன வெடி, பொம்மைத் துப்பாக்கி, அதன் வெற்றுத் தோட்டா கையில் கிழித்த காயம், அதன் வழியே வந்த வில்வாதம் (டெட்டனஸ்). எத்தனை பேர் செத்தார்கள் என்று 1903 முதல் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் இதழ் ஆண்டுதோறும் எண்ணி அச்சிட்டது. 1908 ஜூலை 3 அன்று கிளீவ்லாண்ட் நகரில் ஒரு கடையில் மத்தாப்பைக் கொளுத்திக் காட்டப்போக, அடுக்கி வைத்திருந்த பட்டாசு பற்றி ஏழு பேர் மாண்டனர். வாஷிங்டனுக்கு யாரும் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. சில நாள்களிலேயே அந்த நகர மன்றம் தன் எல்லைக்குள் தனியார் பட்டாசைத் தடை செய்தது. மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

அந்த ஊர்கள் தடையோடு நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிள்ளைகளின் கையிலிருந்து வெடியைப் பிடுங்கிய இடத்தில் ஊர்வலம், விளையாட்டுப் போட்டி, பொதுத் திடலில் நகரமே நடத்தும் வாணவேடிக்கை என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். 1909இல் 215 ஆக இருந்த சாவு 1916இல் 30 ஆயிற்று. வில்வாதத்துக்கு மாற்று மருந்து பரவியதும் இதில் பங்குடையது; பெருமை முழுவதையும் நகர மன்றங்களுக்குக் கொடுத்துவிட முடியாது. பெரிய வெடிகளை நாடு முழுக்கத் தடுக்கும் மத்திய சட்டம் 1966இல்தான் வந்தது. மேலிருப்பவர்களுக்கு உள்ளூரின் அதிகாரம் உறுத்தும் என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. மிச்சிகன் மாநிலம் 2011இல் பட்டாசு விற்பனையைத் தாராளமாக்கியபோது, தேசிய விடுமுறைகளிலும் அவற்றின் முன்பின் நாள்களிலும் வெடிப்பதை ஊர்கள் தடுக்கக் கூடாது என்று அவற்றின் கையைக் கட்டியது. தூக்கம் கெட்டவர்களின் புகார் ஓயவில்லை. 2018இல் அந்த நாள்களைக் குறைத்து, அதிகாரத்தில் பெரும்பகுதியை ஊர்களிடமே திருப்பித் தந்தது.

ஊர் சேர்ந்து முடிவெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2016 ஏப்ரலில் கொல்லம் மாவட்டம் பரவூர் புட்டிங்கல் கோயிலில் போட்டி வெடிக்கட்டுக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. ஊர்ப்பெருமை கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடியின் தரம், கிடங்கின் தூரம், ரசாயனம் போன்றவற்றை உள்ளூர்க்காரர் விருப்பத்துக்கு விடவே கூடாது. எங்கே, எப்போது, எந்தத் தெருவில் வேண்டாம் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர் அந்தத் தெருவில்தான் இருக்கிறார். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தக் குடிசை ஓலைக்கூரை, எந்தத் திடல் காலி என்பது சென்னைத் தலைமைச் செயலகத்துக்கே தெரியாது, டெல்லிக்கு எப்படித் தெரியும்?

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துக் கண்மாய்களில் பறவைகள் வந்து கூடு கட்டும் காலமும் தீபாவளியும் ஒன்றாக வருவதால், அந்த ஊரார் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்கள் அடங்கிய வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறை தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். அங்கே டெசிபல் மீட்டரோடு யாரும் நிற்பதில்லை.

இதற்கான கதவு நம் அரசாணைகளிலேயே ஒருக்களித்துத் திறந்துதான் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தீபாவளி அறிவிப்பில், மாவட்ட நிர்வாகத்திடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ முன் அனுமதி பெற்று, நலச் சங்கங்கள் மூலம் பொது இடத்தில் கூட்டாக வெடிக்க முயலலாம் என்று ஒரு வரி ஆண்டுதோறும் வருகிறது. படித்தவர்கள் சிலர் உண்டு. கேட்டு வாங்கியவர்களைக் காண்பது அரிது. மறுநாள் காலை காகிதக் குப்பையை அள்ளுவது மட்டும் தவறாமல் உள்ளாட்சியின் தூய்மைப் பணியாளர் தலையில் விழுகிறது.

கிராம சபை அக்டோபர் 2 அன்று கூடுகிறது. தீபாவளி எந்த ஆண்டிலும் அதற்குப் பிறகுதான் வரும். பொதுத் திடல் எது, வெடி வேண்டாத தெருக்கள் எவை என்று இரண்டே வரியில் ஒரு தீர்மானம் போடுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. நகரத்து வார்டு உறுப்பினர்களும் தம் பகுதிச் சபையைக் கூட்டி இதையே கேட்கலாம். இந்த ஆண்டு உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதை நீங்களே எழுந்து கேளுங்கள்.