டிரான்ஸ் கனடா வழி திருச்சுழி

உங்களுக்குக் கனடாவில் மச்சினன் இருக்கிறானா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பக்கத்தைப் புரட்டி ஜோக் படிக்கப் போகலாம். இருந்தால், வாங்க சார், இப்படி உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

என் மச்சினன் இருப்பது டொரண்டோவில். போன வருஷம் ஜூலையில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வான்கூவர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான். ஒரு வழிக்கே சுமார் 4,400 கிலோமீட்டர். அந்தப் போட்டோக்களை ஒரே நாளில் அனுப்பித் தொலைத்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்போம். தவணை முறையில் அனுப்புகிறான்! திங்கட்கிழமை ஏரி, செவ்வாய்க்கிழமை மலை, புதன்கிழமை கரடி.

அந்த ஏரிக்கு சுப்பீரியர் என்று பெயராம். கடல் மாதிரி இருக்கிறது. நானும் தினம் ஆபீஸில் ஒரு சுப்பீரியரைப் பார்க்கிறேன். ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

"அப்பா, நாம எப்ப இந்த மாதிரி போறது?" என்றான் ஆறாவது படிக்கும் என் மகன். மூன்றாவது படிக்கும் மகள், "கரடி பார்க்கணும்" என்றாள். என் சகதர்மிணி ஒன்றும் சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். கரடியை வீட்டிலேயே பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம்.

பி.காம். படித்தவன் பேப்பரும் பேனாவும் எடுக்காமல் இருக்க முடியுமா? டிரான்ஸ் கனடா ஹைவே என்பது கிழக்கே செயின்ட் ஜான்ஸிலிருந்து மேற்கே விக்டோரியா வரை சுமார் 7,800 கிலோமீட்டர். 1962-ல் திறந்தார்கள். நான்கு டிக்கெட், விசா, வாடகைக் கார், பெட்ரோல்... கூட்டிப் பார்த்தேன். பி.எஃப். லோன், சொசைட்டி லோன், மாமனார் எல்லாம் சேர்ந்தாலும் ஏர்போர்ட் வாசல் வரைதான் வருகிறது.

ஆனால் மச்சினன் ஒரு நாள் போனில் ஒன்று சொன்னான். "மச்சான், போட்டோவுல வராத ஒரு இடம் இருக்கு. சஸ்காட்செவன்னு ஒரு மாகாணம். தட்டையான பூமி. ஒரு நாள் முழுக்க ஓட்டினேன், பார்க்க ஒண்ணுமே கிடையாது. பல இடத்துல செல்போன் சிக்னலும் இல்லை. அன்னிக்குத்தான் என் பொண்ணு வாயைத் திறந்து ஸ்கூல் கதையெல்லாம் சொன்னா. மூணு வருஷத்துல அவ அவ்வளவு பேசினதே இல்லை."

1857-லிருந்து 1860 வரை ஜான் பாலிசர் என்பவர் அந்தப் பக்கம் சர்வே பண்ணிவிட்டு, ஒரு பெரிய முக்கோணத்தைக் காட்டி, 'வறண்ட பூமி, விவசாயத்துக்கு லாயக்கில்லை' என்று எழுதிவைத்தார். இன்றைக்கு நம் ஊர்க் கடைகளுக்கு வருகிற மைசூர் பருப்பில் ஒரு பங்கு அந்த மாகாணத்துச் சரக்கு. லாயக்கில்லாத பூமி நமக்குச் சாம்பார் வைத்துப் போடுகிறது!

வறண்ட பூமி என்றதும் எனக்கு எங்கள் பூமி ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் திருச்சுழி. அப்பா பிறந்த ஊர். மதுரையிலிருந்து மொத்தமே 65 கிலோமீட்டர்தான். ஆனால் பிள்ளைகளை நான் அங்கே கூட்டிக்கொண்டு போனதே கிடையாது. 'அங்கே என்ன இருக்கு' என்று நானும் ஒரு பாலிசராகத்தான் இருந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. ஆறு மாசமாகக் காலையில் சாப்பிட்ட இட்லி பத்து மணிக்கு மறந்துபோகிறது. சாப்பாடு போடவில்லை என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். என் மனைவி மூன்று நாள் தெருவில் தலைகாட்டவில்லை. டாக்டர், "மறதி நோய் ஆரம்பம். புதுசுதான் முதல்ல போகும், பழசு கொஞ்ச நாள் நிக்கும். பழசைப் பேச விடுங்க" என்றார்.

மே மாசம், ஞாயிற்றுக்கிழமை, அக்னி நட்சத்திரம். செகண்ட்ஹேண்ட் கார். புளியோதரை, முறுக்கு, இரண்டு கேன் தண்ணீர், வாந்தி எடுக்க பிளாஸ்டிக் கவர். அப்பாவை முன் ஸீட்டில் உட்காரவைத்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் மகள், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள். கனடாவிலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறதாம். உலகம் பூராவும் ஒரே சிலபஸ்.

தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறினோம். போனில் ஜி.பி.எஸ். அம்மாள், "நேராகச் செல்லவும்" என்றாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாருடா அவ? எனக்கு வழி தெரியாதா? வலையங்குளம் தாண்டி, காரியாபட்டியில பஸ் கால் மணி நேரம் நிக்கும். அங்க ஒரு டீக்கடை. அந்த டீக்கடைக்காரன் என்ன பண்ணுவான்னா..."

அவன் என்ன பண்ணுவான் என்று சொல்வதற்குள் காரியாபட்டி போயே போய்விட்டது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் எந்தக் கதைதான் முடியும்? அந்தக் காலத்து பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்றது. ஒரு ஊருக்கு ஒரு கதை முடியும். நான்குவழிச் சாலை ஊர்களை ஓரமாகத் தள்ளிவிட்டது. கூடவே அப்பாவின் கதைகளையும்.

பின் ஸீட்டில் பையன், "தாத்தா, டீக்கடைக்காரன் என்ன பண்ணுவான்?" என்றான். அப்பா யோசித்தார். நெற்றியைத் தடவினார். "எந்த டீக்கடை?" என்றார்.

எனக்கு ஸ்டியரிங் கை ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து கார் ஏ.ஸி. உயிரை விட்டது. (முதல் தடவையாக ஒரு மெஷின் கெட்டுப்போனதற்கு நன்றி சொல்கிறேன்.) ஜன்னலை இறக்கினோம். அனல் காற்றில் வேகமாகவும் போக முடியவில்லை. ஓரத்துச் சாலையில் இறக்கி, நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, பெரியவருக்கு இளசா குடுக்கேன்" என்றார் அவர். அப்பா பனை ஓலையில் பதநீரை வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். வீட்டில் டம்ளரைக் கைநழுவ விடுகிறவர்! என் மகள் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டாள். "ஓலையை ரெண்டு கையிலயும் சேத்துப் பிடி தாயி" என்று சொல்லிக்கொடுத்தார்.

அப்போதுதான் பையன் ஒரு வேலை செய்தான். ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து, அட்டையில் 'தாத்தா ஜி.பி.எஸ்.' என்று எழுதினான். அதற்குப் பிறகு நான் நாற்பதைத் தாண்டவில்லை. தாத்தா சொல்லச் சொல்ல அவன் எழுதினான்.

அருப்புக்கோட்டைக்குள் நுழைந்தோம். பைபாஸில் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு பச்சை போர்டு. உள்ளே போனால் மல்லிகைப் பூ வாசனை. என் மனைவி நான்கு முழம் வாங்கினாள். கணக்குப் பார்க்காமல் பணம் கொடுத்தேன். (எழுத்துப்பூர்வமாக இருக்கட்டும் என்று இங்கே குறிப்பிடுகிறேன்.) எண்ணெய் பரோட்டா சாப்பிட்டோம். "இங்கதான்டா 1977-ல எம்.ஜி.ஆர். நின்னு ஜெயிச்சு, முதல் தடவையா முதலமைச்சரானார். கூட்டத்துல என் செருப்பு போயிருச்சு" என்றார் அப்பா. 'செருப்பு, 1977' என்று நோட்டில் ஏறியது.

திருச்சுழி ரோட்டில் இரண்டு பக்கமும் கரிசல், வெடித்துக் கிடக்கிறது. மீதி இடமெல்லாம் சீமைக் கருவேலம். இதுவும் அமெரிக்கக் கண்டத்து ஆசாமிதான். விசா இல்லாமல் வந்து பட்டாவே வாங்கிவிட்டது. இதை வேரோடு எடுக்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2017-ல் கலெக்டர்களை முடுக்கியதும், அதே வருஷம் அதற்கு இடைக்காலத் தடை வந்ததும் ஞாபகம் இருக்கலாம். மறுபக்கம், இதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்று எத்தனையோ வீட்டில் உலை கொதிக்கிறது. அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த இடங்களில் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் மல்லியும் நின்றதாம்.

"தாத்தா, இங்க தண்ணியே இல்லையே, எப்படி விளைஞ்சுச்சு?" என்றாள் மகள்.

அவ்வளவுதான். அப்பா ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்மாய் தாயி! ஐப்பசி, கார்த்திகையில பெய்யிற மழைதான் நமக்குச் சொத்து. மேல இருக்க கண்மாய் முதல்ல நிறையும். மடையைத் திறந்தா வயலுக்குப் போகும். நிறைஞ்சு கலுங்குல வழிஞ்சா அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைஞ்சா அதுக்கடுத்தது. பந்தியில சாம்பார் வாளி நகருற மாதிரி. ஊருணி வேற. அது குடிக்க. அதுல மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. நடுவுல ஒரு வரத்துக்கால் அடைபட்டுச்சுன்னா கீழ உள்ள அத்தனை ஊரும் பட்டினி."

பத்து நிமிஷம். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. ஜி.பி.எஸ். அம்மாள் நடுவில் ஏதோ சொல்ல வந்தாள். என் மனைவி போனை அணைத்துவிட்டாள்.

திருச்சுழி. முதலில் சுந்தர மந்திரம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வீடு. அப்பா சுந்தரமய்யர் இந்த ஊரில் வக்கீல். அந்தப் பையன் 16 வயதில், 1896 ஆகஸ்ட் 29 அன்று, மதுரையில் அண்ணனுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, ரயிலும் நடையுமாகச் செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பிறகு திரும்பவே இல்லை. இந்தக் கதையை நான் சொல்லி முடித்ததும் என் மனைவி முறைத்தாள். "பதினோரு வயசுப் பையன்கிட்ட சொல்ற கதையா இது?"

அடுத்து, சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில். அப்பா, "கால் வலிக்கு, நான் வாசல்ல உக்காந்திருக்கேன்" என்றார். நான் கார் நிறுத்தப் போனேன். பத்து நிமிஷத்தில் திரும்பினால் வாசலில் அப்பா இல்லை.

குண்டாற்றுப் பக்கம் ஓடினேன். வெறும் மணல். (காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய அதே குண்டாறு.) பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் போனுக்கு அடித்தேன். காருக்குள் மணி அடித்தது. நெஞ்சு படபடத்தது, சார். அவருக்குத் தன் மதுரை அட்ரஸ் சொல்லத் தெரியுமா என்பதே அன்றைக்குச் சந்தேகம்.

பையன் நோட்டைப் பிரித்தான். 'கோயில் வாசல். சோத்துக்கை பக்கம். சுமைதாங்கிக் கல். ரெட்டைப் பனை. பிள்ளையார். கண்மாய்க் கரை.'

"அப்பா, தாத்தா இப்படித்தான் போயிருப்பாரு."

வலப்பக்கம் திரும்பினோம். சுமைதாங்கிக் கல் எங்கே? அங்கே ஒரு செல்போன் ரீசார்ஜ் கடைதான் இருந்தது. திண்ணையில் இருந்த பாட்டியிடம் பையன் கேட்டான். "அந்தக் கல்லைப் பேத்துட்டு ரோடு போட்டு இருபது வருசம் ஆச்சேய்யா. உனக்கு எப்படித் தெரியும்? அதுதான் இடம், இப்படியே போ." ரெட்டைப் பனையில் ஒன்று மொட்டையாக நின்றது. பிள்ளையார் மட்டும் ட்ரான்ஸ்ஃபர் ஆகாமல் அதே இடத்தில் இருந்தார்.

கண்மாய்க் கரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். கீழே தண்ணீர் இல்லாத கண்மாயில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. என்னை அவர் கவனிக்கவில்லை. பையனைப் பார்த்து, "வாடா, எம்புட்டு நேரம்டா காத்திருக்க?" என்றார். பேரனைக் கூப்பிட்டாரா, எழுபது வருஷத்துக்கு முந்தைய சேக்காளி எவனையாவது கூப்பிட்டாரா, தெரியவில்லை. அவன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேரும் மடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. மேல் கண்மாயில் தண்ணீர் இருக்கிறபோதுதான் அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவில் இருக்கிற வரத்துக்கால் நான். இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

ராத்திரி மச்சினன் கூப்பிட்டான். "எத்தனை கிலோமீட்டர் மச்சான்?"

"போக வர நூத்தி முப்பது."

"என்ன பார்த்தீங்க?"

"கண்மாய்."

"தண்ணி இருந்துச்சா?"

"இல்லை."

சிரிப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அடுத்த தடவை வர்றப்ப என் பிள்ளைங்களையும் அங்க கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்றான்.

மறுநாள் காலை. அப்பா காபி குடித்துக்கொண்டே, "ஏன்டா, திருச்சுழிக்குப் போகணும் போகணும்னு சொல்றியே, எப்பத்தான் போறோம்?" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. பையன்தான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "நேத்துப் போனோமே தாத்தா. இந்தாங்க, வாசிக்கிறேன்." முதல் பக்கத்திலிருந்து வாசித்தான். அப்பா இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். டீக்கடைக்காரன் என்ன பண்ணுவான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கடன் சொல்கிறவர்களின் டீயில் மட்டும் சர்க்கரையைக் குறைத்துவிடுவானாம்!

அடுத்த மாசம் மறுபடியும் போகிறோம். ஒரு காஷுவல் லீவ் பாக்கி இருக்கிறது. சுப்பீரியர்தான் கலுங்கைத் திறக்க வேண்டும்.