ஓட்டல் ஊழியருக்கு டாக்டர் சர்டிபிகேட்: பைலில் இருந்தால் போதுமா?

காலையில் இட்லி, மத்தியானம் அளவுச் சாப்பாடு, சாயந்திரம் டீ, வடை. சென்னையில் வேலைக்குப் போகும் பலருக்கு ஓட்டல்தான் சமையல் கட்டு.

உள்ளே மாவு கரைப்பவர் யார், டம்ளர் கழுவுபவர் யார், அவர்கள் உடம்பு எப்படி? சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் சட்டம் இருக்கிறது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2011 ஆகஸ்டு 5-ந் தேதி அமலுக்கு வந்தன.

விதி என்ன?

உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சோதனை நடக்க வேண்டும். உடம்பு, கண், தோல் பார்க்க வேண்டும். தொற்று நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். டைபாய்டு போன்ற குடல் நோய்களுக்குத் தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும். பதிவு பெற்ற டாக்டர் கையெழுத்திட்ட சர்டிபிகேட் கடையிலேயே இருக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

2017-ல் இன்னொரு ஏற்பாடும் வந்தது. லைசென்சு பெற்ற உணவு நிறுவனங்களில் 25 ஊழியர்களுக்கு ஒருவராவது சுகாதாரப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓட்டல் தொழிலில் ஆள் நிலைப்பதில்லை. இன்று இங்கே, அடுத்த மாதம் வேறு கடை. பயிற்சி பெற்றவர் போய்விட்டால் பயிற்சியும் கூடவே போய்விடும். இப்போது பீகார், அசாம், ஒடிசா பையன்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். தமிழில் எழுதி ஒட்டிய அறிவிப்பு அவர்களுக்கு எப்படிப் புரியும்?

மேரியின் கதை

"ஆள் பார்க்க நல்லாத்தானே இருக்கான், சோதனை எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மேரி மாலன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பணக்காரர் வீடுகளில் சமைத்த பெண். அவர் வேலை செய்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு வந்தது. 1907-ல் பிடித்துச் சோதித்தார்கள். உடம்பில் கிருமி இருந்தது. ஆனால் அவருக்குக் காய்ச்சலே இல்லை!

இனி சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து 1910-ல் வெளியே வந்தார். துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. அதில் சம்பளம் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் கரண்டி பிடித்தார். 1915-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு. 2 பேர் பலி. அங்கே சமையல் வேலையில் இருந்தவர் அதே மேரி!

பார்வையை நம்பக் கூடாது, சோதனை வேண்டும் என்பது இதில் முதல் பாடம். மறு பாடத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. வயிற்றுப் பிழைப்புக்கு வழி செய்யாமல் தடை மட்டும் போட்டால், ஆள் ஒளிந்து வேலை செய்வார்.

கூலி போகுமே!

வயிற்றுப்போக்கு, வாந்தி, காமாலை, காய்ச்சல், சீழ்ப் புண் இருந்தால் ஊழியர் முதலாளியிடம் சொல்ல வேண்டும்; உணவைத் தொடக் கூடாது. இதுவும் விதியில் இருக்கிறது. ஆனால் தினக்கூலிக்காரர் சொல்வாரா? "சொன்னா இன்னிக்குக் கூலி போச்சு" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையில் நிற்பார். ஜனவரியில் வாங்கிய சர்டிபிகேட் ஜூன் மாத வயிற்றுப்போக்கைத் தடுக்காது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 14 வயது மாணவி ஒருவர் இறந்தார். பிறகு பல ஊர்களிலும் அதிரடிச் சோதனை நடந்தது. உயிர் போன பிறகு வரும் சோதனை, போன உயிரைத் தராது.

சின்ன டீக்கடைக்காரருக்குச் சோதனைச் செலவு, ஊசிச் செலவு எல்லாம் பாரம்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஓட்டல் ஊழியருக்கென்று ஒரு நாள் ஒதுக்கினால் அந்தப் பாரம் குறையும்.

முதலாளிகள் செய்ய வேண்டியதும் பெரிதல்ல. காய்ச்சல் என்று வந்து நிற்கும் ஆளைக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பினால் போகும் பணம் ஒரு நாள் சம்பளம்தான். அனுப்பாமல் அடுப்படியில் நிறுத்தினால் கடையே போகலாம். சோதனைக்கு வரும் அதிகாரியும் சர்டிபிகேட்டில் தேதியைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், "உடம்பு சரியில்லாத ஆளுக்கு லீவும் கூலியும் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.