வண்டி ஓடவே இல்லையே... இன்ஜின் ஆயிலில் தண்ணீர் எப்படி வந்தது?

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கவர் போட்டுத் தூங்கும் கார்கள் நிறைய. ஆபீஸுக்கு மெட்ரோ, இல்லையென்றால் வீட்டிலிருந்தே வேலை. மாதத்துக்கு இரண்டு, மூன்று முறை கார் வெளியே வந்தாலே அதிகம். சில வீடுகளில் கார் பையனுடையது. பையன் துபாயில் இருப்பான். அப்பா தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்வார். 'வண்டி நல்லா இருக்கணும்ல' என்ற அக்கறைதான். ஆனால், அந்த ஐந்து நிமிடம் இன்ஜினுக்கு நல்லதைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மழைநீர் உள்ளே புக வேண்டிய அவசியமே இல்லை. பெட்ரோல் எரியும்போதே தண்ணீர் உருவாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து சொட்டுவது இதுதான்.

இதில் பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக, ஆயில் இருக்கும் பகுதிக்கு இறங்கும். ஆயில் நன்றாகச் சூடாக இருந்தால் கவலை இல்லை. அந்த ஈரம் ஆவியாகி, அதற்கென்றே இருக்கும் பிசிவி வால்வு வழியாக வெளியேறிவிடும். இன்ஜின் சூடாகாமல் இருந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல உள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்.

டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடினால், தண்ணீர் உருவாகும். அதை விரட்டும் அளவுக்குச் சூடு வராது. அவ்ளோதான் விஷயம்.

அதனால் என்ன ஆகும்?

ஒரே நாளில் இன்ஜின் நின்றுவிடாது. தண்ணீர் கலந்த ஆயில், உலோகப் பாகங்களுக்கு நடுவே சரியான படலமாக நிற்காது. எரிந்த வாயுக்களோடு தண்ணீர் சேர்ந்து அமிலமாகி பேரிங்குகளை அரிக்கும். போதாக்குறைக்கு, குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். அதில் எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும்.

2018இல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டா சிஆர்-வி கார்களில் ஆயில் மட்டம் ஏறுவதாகப் புகார்கள் வந்தன. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்ததுதான் காரணம். கடைசியில் நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. சென்னை வெயிலில் பாதிப்பு அந்த அளவுக்கு வராது. ஆனால், ஊட்டி, கொடைக்கானலில் கார் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

வெள்ளை க்ரீமைப் பார்த்துப் பதற வேண்டாம்

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மயோனைஸ் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். உடனே 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்று முடிவு கட்டிப் பெரிய செலவுக்குத் தலையாட்டிவிட வேண்டாம். மூடியில் மட்டும் இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் அது குறைவான ஓட்டத்தால் கோத்த ஈரம்தான். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ, கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ, வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மீட்டரை மட்டும் நம்பலாமா?

'ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, எதுக்கு ஆயில் மாத்தணும்?' என்பதுதான் பலரின் கேள்வி. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடும் காருக்கு மாதக் கணக்குதான் முக்கியம். அடிக்கடி குறுகிய தூரம் மட்டும் ஓட்டுவதைப் பல கார்களின் கையேடு 'கடுமையான பயன்பாடு' என்றே வகைப்படுத்தி, இன்னும் சீக்கிரமாக ஆயில் மாற்றச் சொல்கிறது.

பிரச்சினை, அந்தக் கையேட்டை யாரும் படிப்பதில்லை. சர்வீஸ் தேதிக்கும் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கவும் விடாமல் மெசேஜ் அனுப்பும் நிறுவனங்கள், இந்த ஒரு வரியையும் சேர்த்து அனுப்பலாமே. செகண்ட் ஹேண்ட் சந்தையிலும் இதே கதைதான். 'எட்டு வருஷத்துல இருபதாயிரம்தான் ஓடியிருக்கு' என்றதும் விலை ஏறிவிடுகிறது. அந்த எட்டு வருடத்தில் எத்தனை முறை ஆயில் மாற்றினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. வாங்குபவர் மீட்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியது சர்வீஸ் பில்களைத்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது அரை மணி நேரம், தெருவைச் சுற்றாமல் மெயின் ரோட்டில் ஓட்டுங்கள். ஓட்ட முடியாதென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விடுவது மேல். 'பேட்டரி இறங்கிடுமே?' என்ற கவலை நியாயமானது. ஆனால், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜை நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு முழுதாக மீட்பது கஷ்டம். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், புது ஆயில் மாற்றி, ஒருமுறை நன்றாக ஓட்டிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள்.

கடைசியாக ஆயில் மாற்றிய பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால், மீட்டர் எவ்வளவு காட்டினாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால், ஆயில் மாற்றும் செலவு ஒன்றுமே இல்லை.